வெள்ளத்துக்குத் தெரிந்த வழி



கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வாவியின்மேல் இறங்கத் தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு மண்ணில் வயது முதிர்ந்தவர்கள் வானத்தை ஒருவிதமாக அண்ணாந்து பார்ப்பதைக் காணலாம். மழை வருமா என்று அறிவதற்காக மட்டும் அவர்கள் பார்ப்பதாக எண்ணிவிடாதீர்கள். அவர்கள் உள்ளத்தில் ஒரு நாள் இன்னும் ஆறாமல் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் நாள், வியாழக்கிழமை. அன்று மாலை எழுந்து இரவில் முற்றிய சூறாவளியில் 915 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறக்குறைய இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு சாய்ந்தது. மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது பாழாயின.

அப்போது அடியேன் இவ்வுலகுக்கு வந்திருக்கவில்லை. ஆயினும், "சூறாவளிக்கு முந்திப் பிறந்தவன்", "சூறாவளிக்குப் பிந்திக் கட்டிய வீடு" என்று பெரியவர்கள் காலத்தையே அந்த இரவை வைத்து இரண்டாகப் பிரித்துப் பேசக் கேட்டு வளர்ந்தவன். அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று என் நெஞ்சில் தைத்தது. காற்று வாவியின் இரு கரைகளிலும் ஒரே மாதிரியாகத்தான் அடித்தது. ஆனால் காற்று அடங்கிய மறுநாள் தொடக்கம் இரு கரைகளும் ஒன்றாக இருக்கவில்லை என்பார்கள்.

மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வாவியின் கிழக்கே, கடலோரமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. நகரமும், பெருந்தெருவும், கச்சேரியும், பெரிய வைத்தியசாலையும் அங்கேதான். வாவியின் மேற்கே, ஞாயிறு சாயும் பக்கத்தில் விரிந்து கிடக்கும் வயல்நிலம் படுவான்கரை. மாவட்டத்துக்குச் சோறு போடுவது இந்தப் படுவான்கரைதான். ஆனால் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நேரே போவதற்கு நெடுங்காலமாக இருந்தவை தோணியும் 'பாதை'யும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு துறைக்குத் துறை போகும் மிதவைக்கு எங்கள் மக்கள் இட்ட பெயர் 'பாதை'. பாதை ஓடினால் ஊருக்கு வழி உண்டு. பாதை நின்றால் வழி இல்லை.

சூறாவளிக்குப் பின்னர் மரங்கள் விழுந்து தெருக்கள் அடைபட்டன. பாதைகள் ஓடவில்லை. இக்கரையில் மாவும் பருப்பும் வந்து இறங்கிய நாட்களில், அக்கரையில் ஈர நெல்லை வறுத்துக் குத்திப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்ததாகத் தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். அந்த மக்கள் வேண்டி நின்ற பாலம் எப்போது வந்தது? மண்முனைத் துறைக்குக் குறுக்கே, யப்பான் நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில். சூறாவளி அடித்து முப்பத்தாறாவது ஆண்டில்! இடையில் 1983 தொடக்கம் 2009 வரை போர் நடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சூறாவளிக்கும் போருக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் இருந்தன. சூறாவளிக்கு முன்னர், நாடு சுதந்திரம் பெற்ற பின்பு, முப்பது ஆண்டுகள் இருந்தன. அவற்றுக்குப் போரைச் சாட்டுச் சொல்ல முடியாது.

ஒரு பெத்தா கேட்ட கேள்வி

2011ஆம் ஆண்டு தை மாதத்தில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூடியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட வெள்ளம் அது. அப்போது அடியேன் இளங்குரு. நல்மனம் படைத்தோர் தந்த பொருட்களை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு, பங்கு இளைஞர்களோடு படுவான்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். தார்த்தெரு முடியும் இடத்தில் ஒரு மரத்தடி. அதற்கு அப்பால் தெரு நீருக்குள் கிடந்தது. மரத்தடியிலேயே லொறியை நிறுத்தினோம். கையில் ஒரு பட்டியல் இருந்தது. பெயரைக் கூப்பிட்டோம், வந்தவர்களுக்குக் கொடுத்தோம், படமும் பிடித்துக்கொண்டோம். மூன்று மணிக்கெல்லாம் லொறி வெறுமையாயிற்று. மனத்தில் ஒரு நிறைவு. ஆண்டவருக்கு ஊழியம் செய்துவிட்டோம் என்ற நிறைவு.

புறப்படுகின்ற நேரத்தில், முழங்கால் மட்டும் நனைந்த சேலையோடு ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தார். உள்ளே, வயல்வெளிகளுக்கு அப்பால் உள்ள சிற்றூரிலிருந்து தண்ணீருக்குள்ளால் நடந்து வந்திருக்கிறார். பட்டியலைப் பார்த்தோம். அவர் பெயர் இல்லை. அவருடைய ஊரவர் ஒருவருடைய பெயரும் இல்லை. "பெத்தா, பொருள் முடிந்துவிட்டது" என்றேன். அவர் கோபிக்கவில்லை. வெறும் லொறியை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்:

"வெள்ளத்துக்கு எங்கட ஊட்டு வழி தெரிஞ்சிரிக்கி. சாமான் லொறிக்குத்தான் தெரியல்ல, என்ன சாமி?"

எனக்கு மறுமொழி வரவில்லை. எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். சிலவற்றைச் செய்தும் இருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைப் போல என்னைக் குத்திய மறையுரை வேறில்லை.

நான்கு நாட்களின் பின், நீர் சற்று வடிந்ததும், அந்த ஊருக்கு நடந்து போனோம். பதினைந்து இருபது குடிசைகள் இருக்கும். மண் சுவர்கள் கரைந்து, கூரைகள் தரையில் அமர்ந்திருந்தன. அப்போதுதான் எங்கள் பட்டியலின் வரலாறு எனக்குத் தெரியவந்தது. அது அந்த வெள்ளத்துக்காக எழுதப்பட்ட பட்டியலே அன்று. முன்னொரு நிவாரணத்துக்கு ஒரு கந்தோரில் எழுதிய பட்டியலை எங்கள் இளைஞர்கள் வாங்கிப் பிரதி செய்திருந்தார்கள். அந்தக் கந்தோரும் அதற்கு முந்திய ஒன்றைப் பார்த்தே எழுதியிருக்கலாம். ஒருமுறை விடுபட்ட ஊர் ஒவ்வொரு முறையும் விடுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அரசாங்கம் மறந்த ஊரை நாங்களும் அச்சொட்டாக மறந்திருந்தோம்.

நாங்கள் கொண்டுபோன சிறு பொதியைப் பெத்தா வாங்கி ஒருபுறம் வைத்தார். பிறகு இளைஞனின் கையிலிருந்த கொப்பியைக் காட்டி, "இது முடிஞ்சு போற சாமான். எங்கட பேரையும் அதில எழுதிட்டுப் போங்க" என்றார்.

கோபுரம் யார்மேல் விழுந்தது?

இயற்கை அனர்த்தம் ஒன்று நேர்ந்தவுடன், "கடவுள் ஏன் இப்படிச் செய்தார்? அந்த ஊரார் என்ன பாவம் செய்தார்கள்?" என்று பேசுவோர் நம்மிடையேயும் உண்டு. நம் ஆண்டவருடைய காலத்திலும் அப்படிப் பேசினார்கள். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ண வேண்டாம் என்று இயேசுபிரான் திட்டமாகச் சொன்னதை லூக்காஸ் நற்செய்தியில் வாசிக்கிறோம். மாண்டவர்களின் பாவத்தைத் தேடாமல் தங்கள் வாழ்வைத் திருத்திக்கொள்ளும்படி, உயிரோடு நின்றவர்களைப் பார்த்தே அவர் சொன்னார்.

ஆதலால் காற்றையும் மழையையும் கடவுளின் தண்டனை என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அதுபோலவே, காற்றுக்குப் பின்னர் வரும் பசியையும் நோயையும் வீடின்மையையும் "விதி" என்று சொல்லி விட்டுவிடவும் முடியாது. காற்று ஓர் இரவோடு போய்விடுகிறது. அதன் பின்னர் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுகள் தகரக் கொட்டிலில் கிடக்குமானால், அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மனிதரே கணக்குச் சொல்லவேண்டும்.

யெருசலேமில் ஒரு முறைப்பாடு

நிவாரணத்தில் பாரபட்சம் என்ற முறைப்பாடு நம் காலத்தில் தோன்றியதன்று. திருச்சபை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, யெருசலேமில், அப்போஸ்தலர்களின் கண்முன்னாலேயே அது எழுந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விசுவாசிகள் நாள்தோறும் விதவைகளுக்கு உணவு பகிர்ந்து வந்தார்கள். அந்தப் பகிர்விலே கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். எபிரேய மொழி பேசியோர் ஊருக்குரியவர்கள். கிரேக்கம் பேசியோர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். வேண்டுமென்றே எவரும் அவர்களைத் தள்ளிவைத்ததாக வேதாகமம் சொல்லவில்லை. எப்படியோ விடுபட்டுப் போனார்கள். மொழியால் வேறானவர்களும், தெரிந்த முகம் இல்லாதவர்களுமே வழக்கமாக இப்படி 'எப்படியோ' விடுபட்டுப் போகிறார்கள். கிரேக்கம் பேசியோர் முறைப்பட்டார்கள்.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். "கிடைத்ததைக் கொண்டு திருப்திப்படுங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. "குறை சொல்வோர் ஒற்றுமையைக் குலைப்போர்" என்றும் சொல்லவில்லை. முறைப்பாடு உண்மையானது என்று ஏற்றுக்கொண்டார்கள். சபை முழுவதையும் கூட்டினார்கள். நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, இதற்கென்றே நியமித்தார்கள். முடியப்பர், பிலிப்பு, பிரோக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப் போனவர்களின் மொழியை அறிந்தவர்கள் கையிலேயே பகிர்வை ஒப்படைத்தார்கள்! அதன் பின்னர் சீடர்களின் தொகை யெருசலேமில் மிகவும் பெருகியதாக அதே அதிகாரம் சொல்கிறது. பந்தியில் நீதி வந்தபோது போதனைக்கும் வலிமை வந்தது.

நம் நாட்டை ஆள்வோருக்கு இந்த அதிகாரத்தைவிட நல்ல நிருவாகப் பாடம் வேறென்ன வேண்டும்? தமிழ்மொழியும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. ஆனால் 2025ஆம் ஆண்டு கார்த்திகை இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மலைச்சரிவின் கீழே படுத்திருக்கும் ஒருவனுக்கு, "எழுந்து ஓடு" என்ற சொல் அவனுக்கு விளங்கும் மொழியில் வரவேண்டாமா?

மலை சரிந்த இடத்தில்

வாவிக்கரையில் கண்டது மலைநாட்டிலும் உண்டு. பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை என்ற தேயிலைத் தோட்டம். 2014ஆம் ஆண்டு ஐப்பசி 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து, லயன் வீடுகளை ஆட்களோடு மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. மக்களை எழும்பிப் போகச் சொன்னார்கள் என்றும் பின்னர் கூறப்பட்டது. எங்கே போவது? லயனும் தோட்டத்துக்குச் சொந்தம். லயன் நிற்கும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்த மலைக்குத் தேயிலைப் பச்சை போர்த்தியவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரு குடிசை போட்டுக்கொள்ள ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருக்கவில்லை. மாற்று நிலம் காட்டாமல் "எழும்பிப் போ" என்பதை எச்சரிக்கை என்று சொல்வதா, கைகழுவுதல் என்று சொல்வதா? கைகழுவிய ஆளுநர் ஒருவரை நாம் ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் பெயர் சொல்லி நினைவுகூருகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்பதையே முதலில் எவராலும் சொல்ல முடியவில்லை. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். நாட்கள் செல்லச் செல்லத் தொகை குறைந்து, இறுதியில் நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது. உயிர்ச்சேதம் அஞ்சியதைவிடக் குறைவு என்பதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் உயிரோடு இருந்தபோது எத்தனை பேர் என்று திட்டமாகத் தெரியாதிருந்ததால் அல்லவா, இறந்தபோதும் எண்ணத் தெரியவில்லை? தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டது 2016இல்.

இத்தகைய புறக்கணிப்புக்குச் சட்டமே துணைபோன காலமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம்; சபை அவர்களுக்கு ஒரு பாதை வெட்டிக் கொடுக்க முடியாது! முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

கடலோரத்திலும் இதே கதைதான். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் சுனாமி வந்து, நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பந்தியில் விடுபட்டோருக்காக நியமிக்கப்பட்ட எழுவரில் முதல்வரான புனித முடியப்பரைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது. அதன் பின்னர் கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தபோது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றும் கோடு போட்டார்கள். மீனவன் எந்தக் கரையில் இருந்தாலும் அவனுக்குக் கடல்தானே வயல்? நிவாரணத்தைச் சேர்ந்து பகிர்வதற்கென 2005 ஆனி மாதத்தில் ஒரு பொதுக்கட்டமைப்பு ஒப்பமிடப்பட்டது. அடுத்த மாதமே அதன் முக்கிய பகுதிகள் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றன. பிறகு அது உயிர்பெறவே இல்லை. பெரியவர்கள் வழக்காடிய அந்நாட்களிலும் வாகரையில் கொட்டில்களுக்குள் மழை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

வரிக்கும் வாக்குக்கும் தெரியும் வழி

"ஊர் தூரம், தெரு இல்லை, வாகனம் போகாது, ஆட்கள் போதாது" என்று காரணங்கள் சொல்வார்கள். அவற்றுள் உண்மையும் உண்டு. கழுத்தளவு நீரில் இறங்கிப்போய் மக்களைக் காத்த கிராம சேவகர்களை அடியேன் அறிவேன். தம் வீடே நீரில் கிடக்க, கந்தோரில் இரவு பகலாக நின்ற உத்தியோகத்தர்களையும் அறிவேன். அவர்களை இங்கே குறை சொல்வது நீதியாகாது. குற்றம் ஒரு மனிதனுடையது என்றால் அவனை மாற்றிவிடலாம். இது பழகிப்போன ஒழுங்கின் குற்றம். கிராமத்தில் எழுதுகிற பட்டியல் பிரதேச செயலகத்துக்குப் போகிறது, அங்கிருந்து கச்சேரிக்கு, கச்சேரியிலிருந்து கொழும்புக்கு. ஒவ்வொரு படியிலும் சிலர் விடுபடுகிறார்கள். காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவனின் குடிசை 'வீடு' என்று எழுதப்படுவதில்லை. அடையாள அட்டை வெள்ளத்தோடு போனவனிடம் அடையாள அட்டை கேட்கப்படுகிறது. ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, கந்தோருக்கு வந்தவனிடம் "ஐயா இன்று கூட்டத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாரும்" என்று சொல்லப்படுகிறது. நாளைக்கு அவன் வருவதில்லை. அத்துடன் அவனுடைய கோவை மூடப்படுகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தேர்தல் வரும்போது அந்த ஊருக்கு வழி தெரிகிறதே! வாக்குப்பெட்டி தோணியில் ஏறிப் போகிறது. வாக்காளர் அட்டை வீடு தேடி வருகிறது. கிழவியின் பெயரும், நோயாளியின் பெயரும், வெளியூர் போன மகனின் பெயரும் அந்த இடாப்பில் தவறாமல் இருக்கின்றன. வாக்காளர் இடாப்பில் விடுபடாத பெயர் நிவாரண இடாப்பில் மட்டும் விடுபடுவது எப்படி?

இதுவும் புதிதன்று. வருகிற நத்தார் இரவில் நாம் வாசிக்கப்போகும் நற்செய்தியை நினைத்துப் பாருங்கள். அகுஸ்து இராயன் உரோமையில் இருந்துகொண்டு உலகெல்லாம் பெயர் எழுதும்படி கட்டளையிட்டான். அந்தக் கட்டளை கடல் கடந்து, மலை ஏறி, கலிலேயாவின் ஒரு மூலையில் கிடந்த நாசரேத்தூரின் தச்சனுடைய கதவுவரை வந்தது. வரி எழுதுவதற்கு அரசுக்கு நாசரேத்துக்கு வழி தெரிந்தது! அதே கட்டளைக்குப் பணிந்து, நிறைமாதக் கர்ப்பிணியோடு பெத்லகேம்வரை நடந்து வந்த சூசையப்பருக்கோ, ஓர் இரவு தங்குவதற்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. மனுவுருவெடுத்த இறைமகன் பிறந்தது அப்படி எண்ணப்பட்டும் கவனிக்கப்படாத ஒரு குடும்பத்திலேதான். கடைசி வரிசையில் நிற்கும் குடும்பங்களை நாம் இலேசாக எண்ணிவிட முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

தர்மம் என்று கொடுப்பதற்கு முன்

இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் பணி பற்றி 1965இல் வெளியிட்ட ஏட்டில் ஒரு கூரிய போதனையைத் தந்துள்ளது. நீதியின்படி ஒருவனுக்குச் சேரவேண்டியதை, நாம் இரங்கிக் கொடுக்கும் பிச்சைபோலக் கொடுத்துவிடக்கூடாது. துன்பத்தின் விளைவை மட்டுமன்றி அதன் காரணத்தையும் அகற்ற முயலவேண்டும் என்பது அதன் கருத்து. சுனாமிக்குப் பின்னர் நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. மக்களைக் காப்பதும், நிவாரணம் அளிப்பதும், மறுவாழ்வு கொடுப்பதும் அரசின் கடமை என்று சட்டமாகவே எழுதியாயிற்று. ஆகவே கடைக்கோடிக் கிராமத்தவன் தகரமும் சீமெந்தும் கேட்கும்போது அவன் இரக்கவில்லை. தனக்குரியதைக் கேட்கிறான். அவன் கொடுக்கும் வரியிலும் அது இருக்கிறது. ஒரு பெட்டி நெருப்புக்குச்சி வாங்கும்போதும் அவன் வரி கொடுக்கிறான்.

அப்படியானால் நாம் பொதி கொடுக்க வேண்டாமா? கொடுக்கத்தான் வேண்டும். பசித்தவனுக்கு முதலில் சோறு. ஆனால் பொதியோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று வீடு திரும்புவோமானால், 2011இல் அந்த மரத்தடியில் நின்ற அடியேனைப் போலவே நாமும் இருப்போம். அரசாங்கத்தைக் குற்றஞ்சாட்டும் விரலை நீட்டுவதற்கு முன் நம் பங்குகளைச் சற்றுச் சோதிப்போம். நம் மறைமாவட்டங்களிலும் நகரத்துப் பெரிய கோவிலுக்கு ஒரு நீதியும், ஆண்டுக்கு ஒருமுறை திருநாளுக்கு மட்டும் குருவைக் காணும் சிற்றாலயத்துக்கு இன்னொரு நீதியும் இல்லையா? நம்முடைய உதவிகளும் தார்த்தெரு முடியும் இடத்திலே முடிந்துவிடவில்லையா? நம்முடைய பட்டியலிலும் நம் ஆட்களின் பெயர்தான் முதலில் வரவில்லையா? அந்தப் பெத்தா கத்தோலிக்கர் அல்லர். எரிக்கோவுக்குப் போகும் வழியிலே அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் என்ன சமயம் என்று கேட்கவில்லை.

வழியை ஆயத்தம் செய்யுங்கள்

திருவருகைக் காலத்திலே ஸ்நாபக அருளப்பரின் குரலை மீண்டும் கேட்கிறோம். லூக்காஸ் அந்தப் பகுதியை எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள். முதலில் உரோமைச் சக்கரவர்த்தியின் பெயர், பிறகு தேசாதிபதி, பிறகு சிற்றரசர்கள், பிறகு தலைமைக் குருக்கள். இத்தனை பெரியவர்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இறைவாக்கு இவர்களில் எவருக்கும் வராமல் வனாந்தரத்தில் இருந்த அருளப்பருக்கே வந்தது என்கிறார். வழியை ஆயத்தம் செய்யவேண்டும், பள்ளங்கள் நிரப்பப்படவேண்டும், கோணல் நேராகவேண்டும் என்று அந்த வனாந்தரத்துக் குரல் கூவியது. இதைக் கேட்டு நாம் உள்ளத்தின் பாதையைப் பற்றி மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். உள்ளத்தின் பாதை முக்கியந்தான். ஆனால் படுவான்கரையில் நின்று இதை வாசித்தால், மெய்யான பள்ளமும் மெய்யான பாதையும் கண்முன் நிற்கின்றன.

ஆகவே இந்த மாரி முற்றுமுன், ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிறு வேலையைச் செய்வோம். மரியாயின் சேனையினரும், வின்சென்ட் டி போல் சபையினரும், இளைஞர்களும் சேர்ந்து, தெரு முடியும் இடத்துக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு நடந்து போகட்டும். பழைய இடாப்பைப் பிரதி செய்யாமல், வாசலில் நின்று பெயர்களை எழுதட்டும். எந்தச் சமயத்தவர் என்று பாராமல் எழுதட்டும். நடக்க இயலாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய் ஆகியோரின் வீடுகளைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த இடாப்பின் ஒரு பிரதியைக் கிராம சேவகரிடமும், ஒன்றைப் பிரதேச செயலாளரிடமும் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வரட்டும். தொலைந்த அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை எழுதத் தெரியாத ஒரு முதியவரோடு கந்தோருக்குப் போகட்டும். மறுமொழி வராவிட்டால் மீண்டும் எழுதட்டும். நீதியற்ற நடுவனை விடாமல் தட்டிய விதவையை ஆண்டவரே நமக்கு மாதிரியாகக் காட்டியிருக்கிறார் அல்லவா?

வாக்குக் கேட்டு வருவோரிடம், "எங்கள் தெருவுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அக்கரைக்கு என்ன செய்வீர்கள்? மலையில் இருப்பவர்களுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தெருவோரத்தில் இருப்பவன் தெருவில்லாதவனுக்காகப் பேசத் தொடங்கும் நாளில், ஆள்வோருக்கும் காது கேட்கத் தொடங்கும்.

அந்தப் பெத்தா இப்போது உயிரோடு இல்லை. அவருடைய ஊரின் பெயர்களை எழுதிய கொப்பி என்னிடம் இருக்கிறது. அதிலே சில பெயர்கள் பின்னர் அரசாங்க இடாப்பிலும் ஏறின, சில ஏறவில்லை. கார்த்திகை மழை கூரையில் விழும் இரவுகளில் அதை எடுத்துப் பார்ப்பதுண்டு. நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நாம் விசுவசிக்கிறோம். விண்ணகத்து இடாப்பிலே அந்த ஊர் விடுபட்டிருக்காது. இம்மண்ணின் இடாப்பில் அது விடுபட்டதற்கு, ஆள்வோரோடு சேர்ந்து நாமும் ஒருநாள் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும்.

மறுபடியும் மழைக்காலம் வரும். வெள்ளம் வழி கேட்டு நிற்காது. அது வருமுன் அந்த வழியிலே நாம் நடந்து போய்ச் சேர்ந்திருக்க, நமக்காக இவ்வுலகின் கடைக்கோடியிலே வந்து பிறந்த ஆண்டவர் நமக்குக் காலும் மனமும் தருவாராக. ஆமென்.